பதம் அறியாத கட்டளை

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த நமக்குப் புல் சிறு வயதிலிருந்தே பழக்கம்; புல்தரைதான் பழக்கமில்லை. வரப்பில் அறுகு முளைக்கும், கண்மாய்க் கரையில் கோரை முளைக்கும். மாடும் ஆடும் மேய்ந்தது போக எஞ்சியதைச் சித்திரை வெயில் காய்ச்சிவிடும். எதுவும் மேயாத, எவரும் உட்காராத ஒரு புல்லைத் தண்ணீர் விட்டு வளர்த்து, வளர்ந்ததை வாரந்தோறும் வெட்டி எறிகிற வழக்கத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த வெட்டுதலைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இறுதிவரை படித்துவிட்டுச் சுளிக்கலாம். இதில் ஒரு வாக்கியம் சம்பந்தப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் நாமே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். நாம் பணிபுரியும் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. குழு வருகிறது என்றால் என்னென்ன நடக்கும் என்பது ஆசிரியப் பணியில் உள்ளவர்களுக்குத் தெரியும். நூலகத்தில் தூசி தட்டப்படும். ஐந்தாண்டு வராத கோப்புகள் ஓரிரவில் வந்து சேரும். முகப்பில் உள்ள புல்தரை பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று இரவுகள் லாரித் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சினார்கள். மூன்றாம் இரவு விடிந்ததும் ஐந்தரை மணிக்குத் தோட்டக்காரரிடம் மின்சாரப் புல்வெட்டியைக் கொடுத்து, ஏழு மணிக்குள் முடிக்கச் சொன்னார்கள். வரவேற்புக் குழுவில் இருந்தமையால் அந்நேரம் நாமும் அங்கிருந்தோம்.

அவர் நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். "சார், பனி காயட்டும். இப்பம் ஓட்டுனா மிசினு அடைக்கும்" என்றார். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். தோட்டக்காரர் நம்மைப் பார்த்தார். "பாத்து ஓட்டுங்க அண்ணாச்சி" என்றோம். படித்தவர்கள் ஒரு தவறான கட்டளைக்கு உடன்படும்போது சொல்லும் சொற்கள் அவை என்பது பின்னால்தான் உறைத்தது.

இயந்திரம் நான்கு முறை அடைத்துக்கொண்டது. மூன்று முறை அணைத்துவிட்டு அடியில் இருந்த புல்லுருண்டையை எடுத்தார். நான்காம் முறை மணி ஆறே முக்கால். கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அவ்வகை இயந்திரம் ஓட வேண்டும். விட்டால் நின்றுவிட வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்தால் கை மரத்துப்போகும் என்பதால், அந்த நெம்புகோலை எப்போதோ ஒரு சணல் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கத்தி சுற்றவில்லை, ஆகவே இயந்திரம் நின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். நிற்கவில்லை. மோட்டார் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. புல்லுருண்டையைப் பிடுங்கியதும் கத்தி சுற்றியது. வலக்கையின் ஆள்காட்டி விரலில் நுனியும் நடுவிரலில் பாதியும் போயின.

குழு ஒன்பது மணிக்கு வந்தது. புல்தரை அழகாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி.

மறுவாரம் விபத்து அறிக்கை தமிழில் வேண்டும் என்றார்கள். தமிழில் என்றால் தமிழ்த்துறை. நாம் எழுதிக்கொடுத்தோம்: "மேற்படி பணியாளர் தமது கவனக்குறைவால் இயந்திரத்தினுள் கைவிட்டமையால் காயமுற்றார்." சந்திப்பிழை இல்லாத வாக்கியம். முதுகலை படித்த கை எழுதியது. அந்த ஒற்றைச் சொல்லை, 'கவனக்குறைவு' என்பதை, மறுப்பதற்கே இக்கட்டுரை.

வினைமுதலை இருவகையாகப் பிரித்து நாம் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறோம். தானே செய்பவன் இயற்றுதற் கருத்தா. பிறரைச் செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. தச்சன் கட்டிய கோயில் என்பது முதல்வகை. அரசன் கட்டிய கோயில் என்பது இரண்டாம் வகை. இரண்டும் வழுவில்லாத தமிழ். ஆனால் உலக வழக்கில் இவை எங்கே பயில்கின்றன என்று கவனித்தால் ஓர் அநியாயம் தெரியும். கோயிலுக்கும் அணைக்கும் கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் ஏவுதற் கருத்தா வருகிறார். விரல் போனால் இயற்றுதற் கருத்தா மட்டும் வருகிறார். நமது அறிக்கையில் ஐந்தரை மணிக்கு வெட்டச் சொன்னவர் இல்லை. மூன்று இரவு தண்ணீர் பாய்ச்சச் சொன்னவர் இல்லை. கயிறு கட்டப்பட்டதைக் கண்டும் காணாதிருந்தவர்கள் இல்லை. 'பாத்து ஓட்டுங்க' என்ற நாமும் இல்லை. ஒரு மனிதர், ஒரு கை, ஒரு கவனக்குறைவு, அவ்வளவே.

இதைக் கவனக்குறைவு அன்று என்று சொல்வதற்கு இரக்கம் வேண்டியதில்லை. இயந்திரம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு போதும். அதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது என்பது வெட்கக்கேடு. சுழல் கத்திப் புல்வெட்டியின் கத்தி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 முறை சுற்றுவது. அதன் பின்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். சுற்றும்போது அந்த வளைவு விசிறிபோலக் காற்றை மேலே இழுக்கும். அந்தக் காற்றில் புல் நிமிர்ந்து நிற்கும். கத்தி அதை வெட்டும். வெட்டிய துணுக்குகளை அதே காற்று பக்கவாட்டு வாய் வழியாகவோ பின்பையினுள்ளோ தள்ளிவிடும். ஆகவே இந்த இயந்திரத்தில் பாதி வேலை கத்தியுடையது, மறுபாதி காற்றுடையது.

புல் ஈரமாக இருந்தால் இந்தக் காற்றுதான் முதலில் தோற்கிறது. நனைந்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாய்ந்து கிடக்கும். காற்று அவற்றை நிமிர்த்தாது. வெட்டுப்பட்டவையும் கனமாக இருப்பதால் பறந்து வெளியேறாமல் மூடியின் உட்பக்கத்தில் அப்பும். பச்சைப் புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இயல்பிலேயே நீர். உரமிட்டு நீர் பாய்ச்சிய இளம்புல்லில் அது இன்னும் கூடும். அதன்மேல் பனிநீரும் சேர்ந்தால் துணுக்கு துணுக்காக இராமல் பசையாகிவிடுகிறது. மூடிக்கும் கத்திக்கும் இடையிலுள்ள வெளி குறையக் குறையக் காற்று குறையும். காற்று குறையக் குறைய இன்னும் அப்பும். இறுதியில் வாய் அடைபட்டு, சுமை தாங்காமல் கத்தி நிற்கும். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டுவதற்குப் பதில் கிழிக்கும். கிழிந்த புல் இன்னும் விரைவில் கூழாகும். ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். கவனத்தால் நீர் காய்வதில்லை.

அடைப்பு நேர்ந்த பின்புதான் ஆபத்து தொடங்குகிறது. மின்சார இயந்திரமானால், கத்தி நின்றாலும் மின்சாரம் நிற்பதில்லை. அடைப்பை எடுத்த கணமே சுற்றும். பெட்ரோல் இயந்திரமானால், அணைத்த பின்னரும் கத்தியைக் கையால் திருப்புவது உள்ளே இயந்திரத்தையே திருப்புவதாகும். தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றாவிட்டால் ஒரு வெடிப்பு நிகழ்ந்து கத்தி ஒரு வெட்டு வெட்டிவிட முடியும். நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் புழங்கும் மின்சார வகையில் வேறொரு ஆபத்தும் உண்டு. ஐம்பது அறுபது அடி ஒயரை ஈரப் புல்லில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு இருக்கும். கால்களில் ரப்பர்ச் செருப்பு, சில சமயம் அதுவும் இல்லை. விரலோடு போனது அண்ணாச்சியின் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

பிடியை விட்டால் கத்தி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். அமெரிக்காவில் 1982 ஜூன் இறுதிக்குப் பின் செய்யப்படும், நடந்து தள்ளும் புல்வெட்டிகளில், பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். மனிதன் அவசரப்படுவான், களைப்பான், மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, அவன் மறந்தாலும் விரல் தப்ப வேண்டும் என்று அமைத்த விதி அது. கவனத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதே அதன் சாரம். நாமோ நெம்புகோலைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கவனத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிறோம்.

சட்டமும் நமது அறிக்கையின் பக்கம் இல்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், காயத்துக்கான பொறுப்பிலிருந்து முதலாளியை விடுவிக்கும் காரணங்களைச் சுருக்கமாகவே வைத்திருந்தது: குடிபோதை அல்லது மருந்து மயக்கம், பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றல். வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. அதன் இடத்தில் வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த அடிப்படையை மாற்றவில்லை. 'கயிறு கட்டியது யார்' என்ற கேள்வி எழுந்திருந்தால் விடை கல்லூரியின் சாமான் அறைக்குப் போயிருக்கும். கேள்வி எழவில்லை, நமது வாக்கியம் அதை எழவிடவில்லை.

இனி, விடியற்காலைக்கு வருவோம். ஏன் விடியலில் வெட்டச் சொல்கிறார்கள்? கேட்டால், 'எப்போதும் அப்படித்தான்' என்பார்கள். எப்போதும் அப்படித்தான் என்பது ஒரு வகையில் உண்மை. ஆனால் அது வேறு கருவியைப் பற்றிய உண்மை. பன்னருவாளோடு அதிகாலையில் புறப்பட்டு மாட்டுக்குப் புல்லறுத்து வரும் பெண்களை நம் ஊரில் பார்த்து வளர்ந்தோம். பனி இறங்கிய புல் அரிவாளுக்கு இணங்கும். வெயில் ஏறினால் துவண்டு வழுக்கும். இங்கிலாந்திலும் நீள்பிடி அரிவாளால் புல்தரையைச் சிரைத்தவர்கள் பனி காய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்குவார்கள். ஈரத்தில்தான் அந்தக் கத்தி நன்றாக வெட்டும். 1830ஆம் ஆண்டு ஆகஸ்டில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் படிங் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணி ஆலையில் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து அவருக்குத் தோன்றிய யோசனை அது. உலர்ந்த துணியைக் கத்தரித்த கருவியின் வழித்தோன்றல் உலர்ந்த புல்லைக் கேட்பதில் வியப்பென்ன? அரிவாள் ஈரத்தைக் கேட்டது. இயந்திரம் உலர்வைக் கேட்கிறது. கருவியை மாற்றிய நிர்வாகிகள் மணியை மாற்ற மறந்தார்கள். அரிவாளின் நேரத்தில் இயந்திரத்தை ஓட்டச் சொல்கிறார்கள். அடைத்துக்கொண்டால் ஓட்டியவரைக் குறை சொல்கிறார்கள்.

இந்த மண்ணில் அப்படி மறப்பதற்கு மன்னிப்பு கிடையாது. ஏனெனில் நம்மைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தொழிலும் ஈரத்தின் அளவை அறிந்தே நடக்கிறது. கரிசலில் மழை பெய்த மறுநாள் எவரும் ஏர் பூட்டமாட்டார்கள். காலோடு நிலமே எழுந்து வரும். உளுந்து நெற்று வெடித்துச் சிதறாமலிருக்கப் பனி ஈரம் இருக்கும்போதே பறிப்பார்கள். பருத்தியை அதே பனியில் தொடமாட்டார்கள். ஈரப் பஞ்சு நிறம் கெடும் என்பதால் வெயில் ஏறக் காத்திருப்பார்கள். ஒரே விடியல், ஒரே பனி. ஒன்றுக்கு வேண்டும், மற்றொன்றுக்கு ஆகாது. அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநரிடம் காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கச் சொல்லிப் பாருங்கள், சம்மதிக்கமாட்டார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும் தொழிலிலேயே பனி காயும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் உவர்நீர் 25 பாகை பாமே அளவை எட்டும்போதுதான் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வாருவதற்கு ஒன்றுமில்லை. முத்துக்குளித்தல் நடந்த காலத்தில்கூடக் கடல் தெளிந்து அடங்கிய பங்குனி சித்திரை நாட்களில்தான் சலாபம் வைத்தார்கள். வாடைக்காற்றில் எவனையும் கடலில் இறக்கவில்லை.

இதற்கெல்லாம் நம் மக்கள் வைத்திருக்கும் ஒரே சொல் பதம். மண்ணுக்குப் பதம், மாவுக்குப் பதம், பாகுக்குப் பதம், சோற்றுக்குப் பதம். இலக்கணத்தில் அதே சொல் 'சொல்' என்றே பொருள்படும். நன்னூலில் பதவியல் என்று ஓர் இயலே உண்டு. இருவகைப் பதத்தையும் அறிந்திருக்க வேண்டிய தமிழாசிரியராகிய நாம், புல்லின் பதம் தெரியாத கட்டளைக்குத் துணைநின்று, அதற்கு ஏற்ற பதத்தையும் தேடிக்கொடுத்தோம். பதம் அறிந்தவரோ அன்றைக்கு அங்கே ஒருவர் இருந்தார். அவர்தான் பனி காயட்டும் என்றவர். அவரைத்தான் கவனமற்றவர் என்று எழுதினோம்.

இங்கே நண்பர்கள் மூன்று மறுப்புகளைச் சொல்லக்கூடும்.

முதலாவது, நல்ல இயந்திரம் வாங்கினால் இந்தத் தொல்லை இராது என்பது. வலுவான இயந்திரம் தாமதமாக அடைக்கும், அவ்வளவே. எந்தப் புல்வெட்டியின் கையேட்டையும் புரட்டிப் பாருங்கள். ஈரப் புல்லை வெட்டாதீர் என்று இருக்கும். இயந்திரத்தைச் செய்தவர் எழுதியதை வாங்கியவர் படிப்பதில்லை. ஓட்டுபவருக்கு அது காட்டப்படுவதே இல்லை. காட்டினாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். தமிழுக்காக மேடையில் முழங்கும் நாம் ஒரு கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைத் தமிழில் எழுதி அந்த அறையில் ஒட்டியதில்லை.

இரண்டாவது, இயந்திரமே வேண்டாம், அரிவாளுக்குத் திரும்புவோம் என்பது. இலக்கிய நண்பர்களிடம் இந்த ஏக்கம் மிகுதி. குனிந்து ஒரு ஏக்கர் புல்லறுத்த முதுகு அவர்களுடையதாக இருந்தால் இப்படிப் பேசமாட்டார்கள். அண்ணாச்சி இயந்திரத்தை வெறுக்கவில்லை. அவர் கேட்டது மூன்று மணி நேரம். நாம் கொடுக்காததும் அதுதான்.

மூன்றாவது, சில நாட்களில் வேறு வழியில்லை, ஈரத்திலும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பது. மழைக்காலத்தில் இது ஓரளவு நியாயம். ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்தில், 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை அறிவோம். அதற்குப் பிந்தைய வாரங்களில் காய்ந்த புல்லுக்கு எங்கே போவது? சரி, அப்படியானால் முறையறிந்து வெட்ட வேண்டும். அண்ணாச்சியிடமும் பின்னர் வேறு சில தோட்டக்காரர்களிடமும் கேட்டு, கையேடுகளோடு ஒப்பிட்டு நாம் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம்.

வெட்டுவதற்கு முந்திய நாள் மாலையிலிருந்து தண்ணீர் பாய்ச்சக் கூடாது. பனி மட்டுந்தான் என்றால், நீண்ட கயிறு ஒன்றை இருவர் இருபுறம் பிடித்துப் புல்லின்மேல் இழுத்துச் சென்றால் நீர்த்துளிகள் உதிரும். அரை மணி வெயிலில் மீதி காயும். கையைப் புல்லில் அழுத்தி எடுத்தால் உள்ளங்கை நனையாதிருக்க வேண்டும், அதுவே பதம். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஒன்பதரைக்குமேல் அல்லது மாலை நான்குக்குமேல் என்று வைத்துக்கொண்டால் புல்லும் காய்ந்திருக்கும், ஆளும் காய வேண்டியதில்லை.

ஈரத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் கத்தியின் உயரத்தைக் கூட்ட வேண்டும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒருமுறை வெட்டக் கூடாது. மீதியைக் காய்ந்த பின் இன்னொரு நாள் வெட்டலாம். ஒவ்வொரு நடையிலும் இயந்திரத்தின் முழு அகலத்தைக் கொடுக்காமல் பாதி அகலத்தைக் கொடுத்து, மெதுவாக நடக்க வேண்டும். பையைக் கழற்றிப் பக்கவாயைத் திறந்துவிட்டால் அடைப்பு குறையும். கத்தி கூராக இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைச் சுரண்டிக் காயவைத்து எண்ணெய் தடவினால் அப்புவது குறையும். விழுந்த கட்டிகளை வாரிவிட வேண்டும். இல்லையேல் அடியில் உள்ள புல் மூச்சடைத்து மஞ்சளாகும்.

அடைத்துக்கொண்டால் முதலில் பிடியை விட வேண்டும். மின்சாரமானால் செருகியைச் சுவரிலிருந்தே பிடுங்கிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோலானால் தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்ற வேண்டும். சாய்ப்பதானால் காற்று வடிகட்டி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். கட்டையால்தான் நோண்ட வேண்டும். கை உள்ளே போகவே கூடாது. மின்சார இயந்திரத்தை ஈரத்தில் ஓட்டவே வேண்டாம் என்பது நம் கருத்து. எந்நாளும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாத இணைப்பிலிருந்து அதை ஓட்டக் கூடாது. நெம்புகோலில் கயிறு கண்டால் அவிழ்க்க வேண்டும். கை மரத்தால் ஆளை மாற்ற வேண்டும்.

இவற்றில் எதுவும் விலையுயர்ந்த காரியம் அன்று. ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு, ஒரு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைத் தோட்டக்காரர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது கட்டளையிடுபவர் கையில் இருக்கிறது. ஆகவே அடைப்புக்கான பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது. நமது வாதத்தின் முழுச் சாரமும் இதுவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று இரவு லாரித் தண்ணீர் குடித்த அந்தப் புல்தரைக்கு மதிலுக்கு வெளியே, குடத்தோடு பெண்கள் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் தெரு உண்டு. ஆண்டு முழுவதும் மழை தூறும் நாட்டில் புல்தரை தானாக வளர்வது. கரிசலில் அது ஓர் இறக்குமதி. பசுமை வேண்டுமானால் இம்மண்ணுக்குரிய அறுகு இருக்கிறது. கோடையில் பழுத்து, மழையில் துளிர்த்து, தன் பாட்டில் கிடக்கும். பனை இருக்கிறது. உள்வயிரம் உடையதை மரம் என்றும் புறவயிரம் உடையதைப் புல் என்றும் மரபியலில் வகுக்கிறார் தொல்காப்பியர். அந்தக் கணக்கில் பனையும் புல்தான். தண்ணீர் கேட்காத, இயந்திரம் கேட்காத, ஒருவர் விரலையும் கேட்காத புல். குழுவினருக்குக் காட்ட அதைவிடப் பெருமையான புல் இம்மாவட்டத்தில் எது?

தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர்களுள் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலுக்காக அவரை நினைப்பவர்கள் மிகுதி. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றதை நினைப்பவர்கள் குறைவு. கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஓய்வுநாளும் வேலை நேரமும் இருந்தன. நேரம் யாருடையது என்ற கேள்வி அன்றே இம்மண்ணில் எழுப்பப்பட்டது. பின்னர் கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தபோது, வேலையின் நேரமும் அளவும் முறையும் முழுக்க மற்றவர் கட்டளையாக இருப்பது எப்படிப்பட்டது என்பதைத் தம் தோளிலேயே அறிந்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று அவர் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். ஆசிரியர் தினமும் அன்றே வருவதால் நமக்கும் ஒரு பூங்கொத்து கிடைக்கிறது. விழாவுக்கு முன்பாகப் புல்தரையும் வெட்டப்படுகிறது. விடியலில்தான்.

அண்ணாச்சி இப்போதும் வேலை பார்க்கிறார். பேனா பிடிக்கும் விரல்கள்தான் போயின. 'நமக்கென்ன சார், எழுதவா போறோம்' என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எழுதப் போன நாம் என்ன எழுதினோம் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்கும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

அந்த அறிக்கையை இப்போது திருத்துவதால் கோப்பு திருந்தாது. ஆயினும் ஏவுதற் கருத்தாவை அதற்குரிய இடத்தில் வைத்து ஒருமுறையேனும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. "நீர் பாய்ச்சிய புல்லை விடியலில் வெட்டச் சொன்னோம், அடைக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை, அதனால் அவர் இரு விரல்களில் காயமுற்றார்." இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் நாளைக் காலை தம் கல்லூரிக்குள் நுழையும்போது, புல்வெட்டியின் கைப்பிடியில் கயிறு இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகட்டும்.